தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருகிறது

டிசம்பர் 1, திங்கள்

அடுத்த வருடத்துக் காலண்டரை இன்று மேசை மேல் விரித்தேன். எங்கள் பம்பு கம்பெனியில் பெர்சனல் ஆபீசராகப் பதினாறு வருடம் ஆகிறது. டிசம்பர் முதல் வாரம் என்றால் விடுமுறைப் பட்டியல்தான். சட்டப்படி ஒன்பது நாள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இந்த நான்கில் யாரும் கை வைக்க முடியாது. மீதி ஐந்து பண்டிகை நாட்களை நிர்வாகமும் சங்கமும் பேசி முடித்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, வருடம் முடிவதற்குள் தொழிலாளர் துறைக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு வழக்கமாகப் பொங்கல், மாட்டுப் பொங்கல், ரம்ஜான், ஆயுத பூஜை, தீபாவளி.

வரிசையாக வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். நவம்பரில் பென்சில் நின்றுவிட்டது. தீபாவளி எட்டாம் தேதி, ஞாயிறு.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு கண்ணு, ஒரு லீவு மிச்சம்" என்றாள்.

யாருக்கு மிச்சம் என்பதுதான் இந்த மாதம் முழுக்கச் சண்டையாகப் போகிறது.

கீரை கடைந்தேன். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

டிசம்பர் 3, புதன்

சின்னவர் கூப்பிட்டார். முதலாளியின் மகன் சபரீசனைத்தான் எல்லோரும் அப்படிச் சொல்வது. மூன்று வருடமாக அவர் பொறுப்பில்தான் கம்பெனி. கெட்டவர் இல்லை. எதையும் எண்ணிக்கையாகப் பார்ப்பவர்.

"அடுத்த வருசம் எத்தனை வேலை நாள் மேடம்?"

"ஞாயிறும் ஒன்பது லீவும் போக முந்நூத்தி நாலு சார். தீபாவளியை லிஸ்ட்டுல அப்படியே வெச்சா முந்நூத்தி அஞ்சு."

"அப்படியே வைங்க. எப்பவும் இருக்கறதுதானே. அது ஞாயித்துக்கிழமை வந்தா நான் என்ன பண்ண முடியும்?"

"சங்கம் ஒத்துக்காது சார்."

"நவம்பர்ல ஏற்றுமதி ஆர்டர் இருக்கு. பவுண்டரியில உலையை ஒரு நாள் அணைச்சா திரும்பச் சூடேத்த எவ்வளவு நேரம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். பேசிப் பாருங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு எப்போதும் இதுதான் தொந்தரவு.

டிசம்பர் 8, திங்கள்

சங்கத்தோடு முதல் கூட்டம். செயலாளர் மருதாசலம் வந்தார். மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டுகிறவர். நாற்பத்தெட்டு வயது இருக்கும். மனைவி தவறி ஆறு வருடம். மகள் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். இதெல்லாம் அவருடைய ஃபைலிலேயே இருக்கிறது.

"தீபாவளிக்குப் பதிலா ஒம்பதாந்தேதி திங்கக்கிழமை வேணுங்க மேடம்" என்றார். "தெக்குச் சீமைக்காரங்க ஊருக்குப் போனா ஞாயித்துக்கிழமை பண்டிகையை முடிச்சுட்டு எப்படி மறுநாள் காலைல ஷிப்டுக்கு வருவாங்க?"

முடியாது என்று நிர்வாகத்தின் சார்பில் சொன்னேன். அவரும் குரலை உயர்த்தவில்லை. அடுத்த திங்கள் மறுபடி உட்காரலாம் என்று எழுந்தோம்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரும் நின்றுகொண்டிருந்தார். டூவீலர் சர்வீசுக்கு விட்டிருக்கிறதாம். பஸ் வரவில்லை. எதிரே பேக்கரி. டீ குடித்தோம். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இங்க லிஸ்ட்டப் பத்திப் பேச வேண்டாங்க. அது மேசைக்கு. இது டீக்கு."

சரி என்றேன். டீக்கு அவர் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

டிசம்பர் 10, புதன்

இன்றும் பஸ் தாமதம்.

டிசம்பர் 12, வெள்ளி

அசெம்பிளி பிரிவிலிருந்து ஞானசெல்வம் வந்தாள். மோட்டாருக்குக் காயில் சுற்றும் பெண்களில் மூத்தவள். வருடா வருடம் டிசம்பரில் என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்பாள்.

"கிறிஸ்துமசை லிஸ்ட்டுல சேக்க முடியுமாங்க மேடம்? இந்த வருசந்தான் ஒரு நாள் காலியா இருக்குதாமே."

கிறிஸ்தவர்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். அன்றைக்கு வேலை நாள் என்பதால் சொந்த லீவைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஆர்டர் நெருக்கடி இருந்தால் லீவும் கிடைக்காது. போன வருடம் அவள் கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனை முடிந்த கையோடு புதுப்புடவையில் வேலைக்கு வந்து, அதன் மேலேயே காக்கி கோட்டைப் போட்டுக்கொண்டு காயில் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

"சங்கத்துல சொல்லு. நானும் எழுதி வெக்கறேன்" என்றேன். அதற்கு மேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

மருதாசலத்தின் டூவீலர் சர்வீஸ் முடிந்து வந்துவிட்டதாம். ஸ்பார்க் பிளக்கில் இன்னும் ஏதோ கோளாறு, நம்பி ஓட்ட முடியாது, பஸ்தான் நல்லது என்றார். தேங்காய் பன் நன்றாக இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் பஸ் இரண்டு போய்விட்டது. கூட்டமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 15, திங்கள்

இரண்டாவது கூட்டம். நான் முந்நூற்று ஐந்து என்றேன், அவர் முந்நூற்று நான்கு என்றார். ஒரு மணி நேரம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னோம். "மேடம், பொம்பளைகளக் கேளுங்க. தீபாவளியன்னைக்கு அவங்களுக்கு லீவா? விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு எண்ணெச் சட்டி வெச்சா சாயங்காலம் வரைக்கும் அடுப்படிதான். மறுநாள்தான் உக்காருவாங்க" என்றார். அது உண்மைதான். ஆனால் நான் உட்கார்ந்திருந்தது நிர்வாகத்தின் நாற்காலி. குறித்துக்கொள்கிறேன் என்றேன்.

பேக்கரியில் மகள் கவின்மலரைப் பற்றிப் பேசினார். ஊசி போடக் கற்றுக்கொள்ளும்போது முதலில் ஆரஞ்சுப் பழத்தில் போட்டுப் பழகுவார்களாம். லீவுக்கு வந்தவள் வீட்டில் இருந்த ஒரு டஜன் ஆரஞ்சையும் குத்திவிட்டுப் போனாளாம். "ஒரு வாரம் நாந்தான் தின்னு தீர்த்தேனுங்க" என்றார். நான் சிரித்ததை அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னைப் பற்றியும் கேட்டார். பதினான்கு மாதத்தில் முடிந்துபோன என் கல்யாணத்தைச் சொன்னேன். யார் மேல் தப்பு என்று அவர் கேட்கவில்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

அம்மாவுக்கு வெஜ் பப்ஸ் வாங்கி வந்தேன்.

டிசம்பர் 17, புதன்

பவுண்டரிக்குப் போயிருந்தேன். அங்கே வேலை செய்யும் முப்பது பேரும் ஒடிசாக்காரர்கள். திகம்பர் அவர்களுக்குத் தலைவன் மாதிரி. ஒன்பது வருடம் ஆனதில் எங்களைப் போலவே கொங்குத் தமிழ் பேசுகிறான்.

"உங்களுக்கு எந்த நாள் வேணும்?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் யாருமே அவர்களைக் கேட்டதில்லை, நான் உட்பட.

"ஒரு நாள் லீவு எங்களுக்கு எதுக்குங்க மேடம்? ஊருக்குப் போகவே ரெண்டு நாள் ஆகுது. ரூம்ல படுத்துத் தூங்கறதுக்கு உலைகிட்டயே நிக்கலாம். அந்தத் திங்கக்கிழமை நாங்க வேலை பாக்கறோம். அதுக்குப் பதில் லீவை ஜூன்ல குடுங்க. அப்பத்தான் எங்க ஊர்ல ரஜ பண்டிகை. பொண்ணுங்க எல்லாம் ஊஞ்சல் ஆடுவாங்க. என் பொண்ணு ஆடறத நான் இன்னும் பாத்ததில்ல."

திரும்பி நடக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை எல்லோருக்கும் விடுமுறை, பவுண்டரி மட்டும் ஓடும், அவர்களுக்கு மாற்று லீவு ஜூனில். சட்டத்திலும் இடம் இருக்கிறது. சின்னவருக்கு உலை அணையாது. சங்கத்துக்கும் நாள் கிடைக்கும். அறைக்கு வந்ததும் ஒரே மூச்சில் எழுதி ஃபைலில் வைத்தேன். வெள்ளிக்கிழமை சின்னவரிடம் கொடுக்க வேண்டும்.

பேக்கரியில் அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மேசை வேறு, டீ வேறு.

டிசம்பர் 19, வெள்ளி

நான் ஃபைலைத் திறப்பதற்குள் சின்னவர் ஆரம்பித்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்களும் மருதாசலமும் தினமும் பேக்கரியில உக்காந்து பேசறதா ஒருத்தர் சொன்னாரு."

"டீ குடிச்சோம் சார்."

"லிஸ்ட் பத்தி?"

"ஒரு வார்த்தை பேசினதில்ல."

"நான் நம்பறேன். ஆனா நாளைக்கு ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டா, ரெண்டு பேரும் சேர்ந்து முடிச்சதுன்னுதானே சொல்லுவாங்க?"

இனிப் பேச்சுவார்த்தைக்கு அக்கவுண்டன்ட் கணேசமூர்த்தி உட்காரட்டும், ஃபைலை அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்தேன். நான் எழுதிய காகிதம் மேலாகவே இருக்கிறது, பாருங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ் நேரத்துக்கு வந்தது.

டிசம்பர் 20, சனி

ஷிப்டு விட்டதும் கேட்டில் சங்கக் கூட்டம். மாடி ஜன்னலிலிருந்து தலைகள் மட்டும் தெரிந்தன. என்ன பேசினார்கள் என்று ஞானசெல்வம் வந்து சொன்னாள். துணைச் செயலாளர் துரைக்கண்ணு, தீபாவளியைப் பேக்கரியில் விற்றுவிட்டார்கள் என்றானாம். சிலர் சிரித்தார்களாம்.

"அவரு என்ன சொன்னாரு?"

"கோவமே படலைங்க மேடம். 'டீ குடிச்சது நெசந்தான். இனியும் குடிப்பேன். உங்க நாளை நான் விட்டுக் குடுக்கல. சந்தேகம்னா வேற ஆளப் போட்டுக்குங்க'ன்னு சங்க ரூம் சாவியத் துரைக்கண்ணு கையில குடுத்துட்டாரு."

பதினொரு வருடம் வைத்திருந்த சாவி.

போகும்போது ஞானம் திரும்பி நின்று, "இனியும் குடிப்பேன்னு சொன்னாருங்க மேடம்" என்று மறுபடி சொன்னாள். எதற்கு இரண்டு தடவை சொன்னாள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

ஜன்னல் திரை, தலையணை உறை, மிதியடி எல்லாம் துவைத்தேன். மிக்ஸியைக் கழற்றித் துடைத்தேன். அரிசி டப்பாவைக் கவிழ்த்துக் கழுவினேன்.

"அந்த மருதுங்கறது யாரு கண்ணு?" என்றாள் அம்மா.

"சங்கச் செயலாளரும்மா. இப்ப இல்ல."

"இந்த மாசம் பூரா அந்தப் பேருதான் இந்த வீட்ல கேக்குது."

"வேலை விசயமாச் சொல்லியிருப்பேன்."

"பப்ஸும் வேலை விசயந்தானா?"

டப்பா காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததைக் கணேசமூர்த்தியே என் அறைக்கு வந்து சொன்னார். துரைக்கண்ணு தன் ஆட்களோடு பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கிறான். சின்னவரின் சம்மதத்தோடு கணேசமூர்த்தி என் காகிதத்தைப் படித்திருக்கிறார். உடனே துரைக்கண்ணு, "இது அவங்க ரெண்டு பேரும் சேந்து எழுதினது, வேண்டாம்" என்றானாம். பவுண்டரி சார்பில் போயிருந்த திகம்பர் எழுந்து நின்றிருக்கிறான்.

"இது நான் சொன்னதுங்க. மேடம் உலைகிட்ட வந்து நின்னு கேட்டாங்க, நான் சொன்னேன். மருதண்ணனுக்கு இது தெரியவே தெரியாது. நேத்து நான் சொன்னப்பத்தான், அப்படியான்னு கேட்டாரு."

துரைக்கண்ணு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தானாம்.

அடுத்து ஞானம். கிறிஸ்துமஸ் கேட்கத்தான் அவளை அசெம்பிளிக்காரர்கள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் திங்கட்கிழமைக்குக் கை தூக்கியிருக்கிறாள். "கிறிஸ்துமஸ் எங்க பதினோரு பேருக்கு. அந்தத் திங்கக்கிழமை எங்க லைன்ல இருக்கற அத்தனை பொம்பளைக்கும். நான் எப்படிங்க எனக்குன்னு கேக்கறது?" என்றாளாம்.

துரைக்கண்ணு முரடன், ஆனால் கல் இல்லை. கிறிஸ்துமசன்று அந்தப் பதினொரு பேருக்கும் கேட்காமலே லீவு தர வேண்டும், என்ன ஆர்டர் இருந்தாலும் மறுக்கக் கூடாது, அதை ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கையெழுத்து என்று அவன்தான் பிடிவாதமாக நின்றிருக்கிறான்.

"உங்க பேப்பர்ல அது இல்லைங்க மேடம்" என்றார் கணேசமூர்த்தி.

ஆமாம். எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

கையெழுத்தாகிவிட்டது. முந்நூற்று நான்கு. பட்டியல் கோவை அலுவலகத்துக்குப் போய்விட்டது, எடுத்துப் போனது நான் இல்லை.

ஞானம் நேற்று லீவு. ஒப்பந்தம் அடுத்த வருடத்துக்குத்தான் என்றாலும் சின்னவர் இந்த வருடமே கொடுத்துவிட்டார். காலையில் என் மேசையில் ஒரு டப்பா கேக் இருந்தது.

மதியம் சின்னவர் கூப்பிட்டார். ஜனவரியிலிருந்து நான் கொள்முதல் பிரிவுக்கு. "தண்டனை இல்ல மேடம். ஆனா பெர்சனல்ல நீங்க இருந்தா நாளைக்கு ஒவ்வொரு லீவுக்கும் பேச்சு வரும்." சம்பளத்தில் மாற்றமில்லை. பதினாறு வருடம் உட்கார்ந்த அறை. நூற்றறுபது பேருடைய பிள்ளைகள் பெயரும் எனக்குத் தெரியும். இனி போல்ட்டும் நட்டும் வாங்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்து இழுப்பறையைக் காலி செய்தேன். கண் எரிந்தது. தூசி.

டிசம்பர் 27, சனி

பேக்கரி. பத்து நாள் கழித்து.

"துரைக்கண்ணு சாவியத் திருப்பிக் குடுக்க வந்தானுங்க. மன்னிப்புக் கேட்டான். நான் வாங்கிக்கல" என்றார்.

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

"சங்கச் செயலாளரா இருந்துட்டு ஆபீசரம்மா வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வர முடியாதுங்களே."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் பதில் சொல்லாமல் வந்தது நினைவுக்கு வந்தது. டீக்குக் காசும் கொடுக்கவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

மெஷின் ஷாப்புக்கு வேலை நேரத்தில் போனேன். இது வரை காரணமில்லாமல் அங்கே போனதில்லை. அவர் லேத்தில் குனிந்திருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க, அம்மா இருப்பாங்க" என்றேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் வைத்தார். நான் உரக்கச் சொல்லும்போது பார்த்து யாரோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். ஷாப் முழுக்கக் கேட்டது.

"வர்றேனுங்க" என்றார். எண்ணெய்க் கையைப் பழைய வேட்டித் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

ஜனவரி 4, ஞாயிறு

மகளோடு வந்தார். அம்மா அரை மணி நேரம் விசாரணை செய்தாள். என்ன சம்பளம், சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா. கவின்மலர் பையிலிருந்து கருவியை எடுத்து, "இருங்க பாட்டி, முதல்ல உங்களுக்குப் பாத்துடறேன்" என்று அம்மாவுக்கே ரத்தக் கொதிப்பு பார்த்துவிட்டாள். அம்மாவுக்குத்தான் அதிகம்.

"எம் பொண்ணுக்கு வாய்விட்டுக் கேக்கத் தெரியாதுங்க. மனசுல எதாவது இருந்தா துணி துவைப்பா. நீங்கதான் பாத்துப் புரிஞ்சுக்கோணும்" என்றாள் அம்மா.

"அதுக்கென்னங்க, சேந்து துவைச்சுக்கறோம்" என்றார்.

என்னிடம் சமையலறையில் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அம்மான்னு கூப்பிடணுமா? எனக்கு உடனே வருமான்னு தெரியல." வராவிட்டால் பரவாயில்லை, மேடம் மட்டும் வேண்டாம் என்றேன். யோசித்துவிட்டு, "சுகந்திம்மா?" என்றாள். நெய் ஊற்ற வந்தவள் மோரை ஊற்றிவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். விடுமுறை.

ஜனவரி 28, புதன்

சின்னவரிடம் லீவு கேட்கப் போனேன்.

"பிப்ரவரி அஞ்சா? மாசக் கொள்முதல் இருக்கே மேடம். ஞாயித்துக்கிழமை வெச்சுக்க முடியாதா?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ் ஞாயித்துக்கிழமை திறக்க மாட்டாங்க சார்."

"இடம் வாங்கறீங்களா?"

"கல்யாணம் சார்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "மருதாசலமும் அன்னைக்குத்தான் லீவு கேட்டிருக்காரு" என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார். காது சிவந்துபோயிற்று. எழுந்து நின்று, "நல்லா இருங்க மேடம்" என்றார். பிறகு திகம்பரும் ஞானசெல்வமும் எதற்கு அதே நாளில் கேட்கிறார்கள் என்று விசாரித்தார். சாட்சிக் கையெழுத்துக்கு என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று வேலை நாள். நான் போகவில்லை.

காலையில் மருதமலையில் தாலி கட்டினார். இரண்டு முடிச்சுக்கு மேல் அவருக்குப் போட வரவில்லை. கவின்மலர்தான் மூன்றாவது முடிச்சைப் போட்டாள். பிறகு பதிவு அலுவலகம். திகம்பர் ஒடியாவில் கையெழுத்துப் போட்டான். ஞானம் புதுப்புடவையில் வந்திருந்தாள், மேலே கோட்டு இல்லாமல். அம்மா படியேற முடியாமல் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற வருகிறவர்களிடமெல்லாம் எங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தால் மணி பதினொன்றுகூட ஆகவில்லை. மற்றவர்கள் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் ரோட்டோரம் நின்றோம். பஸ்ஸெல்லாம் காலியாகப் போயின. பண்டிகை இல்லை, பலகாரம் சுட வேண்டியதில்லை, யாரும் வரப்போவதில்லை.

"ஏனுங்க, இப்ப என்ன பண்றது?" என்றார்.

தெரியவில்லை என்றேன். நெசமாகவே தெரியவில்லை. இத்தனை வயதுக்கு ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணி எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. வெயில் இதமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். நடந்தோம்.